வாடகை யார் கை வழியாகப் போக வேண்டும்?

நீலகிரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஓய்வுபெறும்போது வேலையோடு வீடும் போய்விடுகிறது. தோட்டக் குடியிருப்பான லைன் வீடு கொடுப்பதை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது உண்மைதான். ஆனால் வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் அந்தக் கடமை. டேன்டீ எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர்களுக்கு இது இன்னும் கடுமை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968இல் தொடங்கிய திட்டம் அது. 1976இல் கழகமாகச் செயல்படத் தொடங்கியது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கம் குடியேறிய அந்தக் குடும்பங்களில் பலருக்குத் திரும்பிப் போகக் கீழ்நாட்டில் ஊர் இல்லை. ஓய்வின்போது கைக்கு வருவது கிராஜுவிட்டியும் பிஎஃப்பும். அப்புறம் மாதாமாதம் சிறு பென்ஷன் அல்லது முதியோர் உதவித்தொகை. இந்தப் பணத்தைக் கொண்டு தலைக்கு மேல் ஒரு கூரையைக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு: பழைய வீட்டிலேயே இருந்து தோட்டம் தன் வாடகைப் பாக்கியைப் பிடித்துக்கொள்ள விடுவது; பணத்தைக் கையில் வாங்கித் தானே வாடகை கட்டுவது; உதவிப் பணத்திலிருந்து வாடகை நேரே வீட்டுக்குப் போகும்படி ஏற்பாடு செய்வது. மூன்றாவதுதான் பொதுவாக நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். பணம் தருபவரும் வீடு தருபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. பிடித்தத்தை நிறுத்தும் உரிமை குடியிருப்பவரிடமே இருக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. பிரிட்டனில் 2013இல் வந்த யுனிவர்சல் கிரெடிட் முறையில் வாடகைப் பங்கும் குடியிருப்பவர் கணக்கிலேயே விழும். குடும்பச் செலவைத் தானே நிர்வகிக்கப் பழக வேண்டும் என்பது அரசின் வாதம். பலருக்கு வாடகை பாக்கி விழுந்தது. இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் வீட்டுக்காரருக்கே நேரடியாகக் கொடுக்கக் கேட்கலாம் என்ற வழியும் உண்டு. ஸ்காட்லாந்து இன்னொரு படி போய், பாக்கி விழும்வரை காத்திராமல் குடியிருப்பவரே கேட்டுப் பெறும் உரிமையாக 2017இலிருந்து அதை வைத்தது. ஆஸ்திரேலியாவில் சென்டர்பே என்ற ஏற்பாடு உண்டு: உதவித்தொகையிலிருந்து வாடகை, மின்கட்டணம் எல்லாம் ஆளின் சம்மதத்தோடு கழியும். வாடிக்கையாளர் விலகிய பிறகும் அந்த வழியில் பணம் பெற்றுவந்த ஒரு மின்சார நிறுவனம் விதிகளை மீறியது என்று 2024இல் அங்குள்ள நீதிமன்றம் கண்டது. பணம் தானாகக் கழியும் ஏற்பாடு ஏழையின் வீட்டைக் காக்கும். யாரும் கவனிக்காவிட்டால் அதே ஏற்பாடு அவர் பையையும் காலி செய்யும்.

இனி நம் மலைக்கு வருவோம். தோட்டமே பிடித்துக்கொள்ளட்டும் என்று லைன் வீட்டில் தங்கிவிடுவது பலருக்கு எளிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அது எவ்வளவு ஆபத்து என்பது தெரியும். நாளுக்கு 450 ரூபாய் கூலி, 30 வருட சர்வீஸ் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம் கிராஜுவிட்டி 2,02,500 ரூபாய். இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த 30 நாள் கெடு தொடர்கிறது. ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாதவரின் கிராஜுவிட்டியில் அபராத வாடகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று இந்திய எஃகு ஆணைய (செயில்) வழக்கு ஒன்றில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிலாளிக்குச் சாதகமாக 2017இல் வந்த ஓர் உத்தரவை அந்த அமர்வு முன்னுதாரணமாக ஏற்கவில்லை. ஆகவே 'வீடும் இருக்கட்டும், பணமும் இருக்கட்டும்' என்று காத்திருப்பவருக்குக் கடைசியில் இரண்டுமே மிஞ்சாமல் போகலாம். இங்கே வீட்டுக்காரரும் பணம் கொடுப்பவரும் ஒருவரே. அபராத வாடகை எவ்வளவு என்பதையும் அவரே எழுதுகிறார்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பழையவர்கள் காலி செய்யாவிட்டால் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் புதிய தொழிலாளர்களை எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி வெறும் சாக்கு இல்லை. அதற்குப் பதில், போவதற்கு ஓர் இடத்தை முதலில் காட்டுவதுதான். டேன்டீ விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய அதுவே. ஓய்வுபெற்றவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் வீடுகளில் பயனாளியின் பங்குத்தொகையை அரசே ஏற்கும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. தொழிலாளி கைக்கு வராமல் அரசிடமிருந்து வாரியத்துக்கு நேராகப் போகும் பணம் இது. இடையில் தோட்டம் இல்லை. என் பார்வையில் இருப்பதிலேயே நல்ல ஏற்பாடு இதுதான். இது கிடைக்கும் தகுதி இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஒதுக்கீட்டு ஆணை யார் பேரில் இருக்கிறது, கணவனுக்குப் பிறகு மனைவிக்கு வருமா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் பஸ் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி சில்லறையாகத் தெரியலாம். சாவியை வாங்கிவிட்டு யாரும் குடிபோகாத வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

அந்தத் தகுதி இல்லாதவர்கள் ஊட்டியிலோ குன்னூரிலோ பந்தலூரிலோ தனியார் வீட்டில்தான் வாடகைக்குப் போக வேண்டும். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். பிஎஃப் பென்ஷனில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். இதில் எதை நேரடியாகச் செலுத்துவது என்று கேட்பவர்கள் சொல்வது சரியே. இந்தத் தொகை முழு வாடகைக்குப் பற்றாது. பிள்ளைகளோ கிராஜுவிட்டியின் வட்டியோ கைகொடுக்க வேண்டும். ஆனாலும் வழியைச் சரியாக வைத்தால் குறைந்த பணமும் காக்கும். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு இருக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று வாடகை பாக்கி. பென்ஷன் விழும் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் கணக்குக்கு மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டால், 'தந்தேன், தரவில்லை' என்ற சண்டைக்கு இடமில்லை, பாஸ்புக்கே ரசீது. பென்ஷன் ஏறும் நாளிலிருந்து ஒரு வாரம் தள்ளித் தேதி வையுங்கள். ஏடிஎம் கார்டை வீட்டுக்காரரிடமோ மளிகைக் கடையிலோ கொடுத்து வைப்பதையும் சிலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அது அடமானம், செய்யவே கூடாது.

இதற்கெல்லாம் எதிராக ஊரில் இரண்டு பேச்சு உண்டு. கையில் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போய்விடும், அதனால் கேட்காமலே பிடித்துவிட வேண்டும் என்பது ஒன்று. ஒருவர் செய்வதற்காக எல்லோரிடமும் பிடிப்பது முறையில்லை. குடியால் வீடு ஆபத்தில் இருக்கும் குடும்பத்தில் மனைவியின் பேரில் ஒப்பந்தமும் கணக்கும் வைப்பது பிடித்தத்தைவிட நன்றாக வேலை செய்யும். பணம் நிச்சயம் வரும் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார் என்பது இன்னொன்று. இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய வாடகையை நடுவில் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. அதே வீட்டுக்காரர்தான், தனியாக இருக்கும் வயதான பெண்ணுக்கு வீடு தரத் தயங்குகிறவரும்கூட. வாடகை தவறாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் கதவைத் திறப்பார்.

தோட்டத்தில் இன்னும் காலி செய்யாமல் இருப்பவர்கள், எந்தத் தாளிலும் 'பாக்கியைக் கிராஜுவிட்டியில் கழித்துக்கொள்ளச் சம்மதம்' என்று கையெழுத்துப் போடும் முன் சங்கத்தையோ சட்ட உதவி மையத்தையோ கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான தேசிய எண் 15100.