இரண்டு தவறுக்கும் நானே பணம் கட்டினேன்

சில ஆண்டுகளுக்கு முன், விமான டிக்கெட் எடுக்கும்போது தேதியை மாற்றிப் போட்டுவிட்டேன். பத்தே நிமிடத்தில் கவனித்து அழைத்தும், மாற்றுக் கட்டணம் கட்டிய பிறகுதான் தேதி மாறியது. பிறகொரு முறை பிசகு மறுபக்கம் நடந்தது. நம்ப முடியாத விலைக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. நான்காம் நாள், விலை தவறாகப் பதிவாகிவிட்டது என்று ரத்து செய்தார்கள். டிக்கெட் பணம் வந்தது. அதை நம்பிக் கட்டிய ஹோட்டல் பணம் போனது போனதுதான்.

பூஜ்யம் விடுபடுவது, நாணய மாற்றுக் கணக்கு பிசகுவது என இத்தகைய விலைகளுக்குச் சாதாரணக் காரணங்களே இருக்கின்றன. 2006இல் டொராண்டோவிலிருந்து சைப்ரஸுக்கு 3,900 டாலர் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் 39 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. விற்ற அலிடாலியா அதை ஏற்றுக்கொண்டது. 2019 புத்தாண்டன்று, வியட்நாமிலிருந்து நியூயார்க் செல்லும் பிசினஸ் கிளாஸை எழுநூறு டாலருக்கும் குறைவாக விற்ற கேத்தே பசிபிக், தவறு தன்னுடையதே என்று சொல்லிப் பயணிகளை வரவேற்றது.

எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை. 2009இல் அமெரிக்கா–இந்தியா வழித்தடத்தில் 40 டாலர் கட்டணத்தை வெளியிட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ், அந்த டிக்கெட்டுகளை ரத்து செய்தது. விற்ற பிறகு விலையை ஏற்றக் கூடாது என்ற அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி 2012இல் நடைமுறைக்கு வந்தது. 2015 பிப்ரவரியில் யுனைடெட் நிறுவனத்தின் டென்மார்க் தளத்தில் நாணய மாற்றுப் பிழை ஏற்பட, லண்டன்–நியூவார்க் முதல் வகுப்பு டிக்கெட்டுகளை நூறு டாலருக்கும் குறைவாக ஆயிரக்கணக்கானோர் வாங்கினர். விதி இருந்தும் யுனைடெட் ரத்து செய்தது, துறை தடுக்கவில்லை.

அதே ஆண்டு மே மாதம் துறை எடுத்த நிலைப்பாடுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பிழையான விலைதான் என்று காட்டினால் நிறுவனம் ரத்து செய்யலாம். ஆனால் டிக்கெட் பணத்தோடு, அதை நம்பிப் பயணி செய்த ஹோட்டல், விசா, இணைப்பு விமானச் செலவுகளையும் தர வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா–அமெரிக்கா முதல் வகுப்பைத் தவறுதலாக மலிவாக விற்ற குவான்டாஸ், வாங்கிய சுமார் 300 பேருக்கு அதே பணத்தில் பிசினஸ் கிளாஸ் அல்லது முழுப் பணம் என்றது.

சந்தேகத்துக்கிடமான மலிவு விலை கண்ணில் பட்டால் இப்போது நான் செய்வது இவ்வளவுதான்:

பி.என்.ஆர். வந்ததும் மகிழ்ந்துவிடாமல், 13 இலக்க இ-டிக்கெட் எண் வருகிறதா என்று பார்க்கிறேன். விலை தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். இரண்டு வாரம் போகும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டுமே பதிவு செய்கிறேன். விடுப்பும் அதன் பிறகுதான் கேட்கிறேன். செலவு ஏதாவது செய்தால் ரசீது பத்திரம்.

அன்று என் டிக்கெட்டை ரத்து செய்த நிறுவனத்துக்கு ஹோட்டல் ரசீதை இணைத்து எழுதினேன். வந்த பதிலில் டிக்கெட் பணம் திரும்பும் தேதி மட்டுமே இருந்தது.