விடுதிப் பலகையும் அடுக்களைச் சான்றிதழும்

உம்மாவை முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனபோது, மூன்று நாளும் அவர் பழமும் தேநீருமாகவே பசியாறினார். விடுதியில் ஹலால் உணவு கிடைக்குமா என்று அறை பதியும்போதே நான் விசாரித்திருக்க வேண்டும். இப்போதும் மனம் உறுத்துகிறது. அங்கே தங்கப்போகும் முஸ்லிம்களிடம் உலவும் சில நம்பிக்கைகளும் அவற்றின் உண்மையும் இதோ.

நம்பிக்கை: விடுதியில் ஹலால் பலகை கண்டால் அங்கே எதையும் சாப்பிடலாம்.

உண்மை: சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் தருவது முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம். முழு விடுதிக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் என்பது வழக்கமில்லை. ஒவ்வோர் உணவகமும் அடுக்களையும் தனித்தனியாகப் பெறவேண்டும். கீழ்த்தள உணவகத்துக்குச் சான்றிதழ் இருக்கும். காலை பஃபே நடக்கும் கூடத்துக்கு இல்லாமல் போகலாம். ஆகவே பசியாறும் கூடத்தைக் குறிப்பிட்டே கேளுங்கள். சான்றிதழில் அந்த இடத்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற அறிவிப்பை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே கோழி ஹலாலாக அறுக்கப்பட்டதா என்பதற்கு அது உறுதி தராது. குழம்பில் சமையல் ஒயின் ஊற்றியிருக்கவும் கூடும். சான்றிதழ் இல்லையென்றால் காலை உணவு சேராத கட்டணத்தில் அறை எடுத்துவிட்டு, வெளியே பசியாறுவதே நல்லது.

நம்பிக்கை: சைனாடவுன் நமக்குச் சரிப்படாது.

உண்மை: அங்கேதான் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் நிறுவியது. லிட்டில் இந்தியாவில் தங்கினால் டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல். பேட்டையின் பெயரை வைத்து விடுதியை ஒதுக்காதீர்கள். பள்ளிவாசல் எத்தனை நிமிட நடை என்று பாருங்கள்.

நம்பிக்கை: மேற்கே பார்த்துத் தொழுதால் போதும்.

உண்மை: சிங்கப்பூரில் கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. சில விடுதிகளில் கூரையிலோ மேசை இழுப்பறையிலோ அம்புக்குறி ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் வரவேற்பறையில் கேளுங்கள். முஸல்லாவும் சில இடங்களில் தருவார்கள்.

நம்பிக்கை: காலை உணவு இலவசமென்றால் நோன்புக்கு வசதி.

உண்மை: அங்கே ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு முன்பே சுபுஹு நேரம் வந்துவிடும். பஃபே திறக்கும்போது சஹர் முடிந்திருக்கும். சஹர் உணவை முந்தைய இரவே பொட்டலமாகக் கட்டித் தருவார்களா என்று, பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.