பழைய மீன்தொட்டி வாங்கலாமா?

கேள்வி: பட்டுச் சாயப் பட்டறை நடத்தியவர் பழைய கண்ணாடித் தொட்டியை மலிவாகத் தருகிறார். மீன் விடலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சாயமோ அமிலமோ என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடியைக் கழுவிவிடலாம், ஆனால் மூலைகளிலுள்ள சிலிகோன் பசை உறிஞ்சியது முழுதும் நீங்கியதென்று நம்ப முடியாது. மீன் மட்டுமே இருந்ததென்றால் வாங்கலாம். நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டி மட்டும் இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். வீட்டில் தறி இருந்து, அவ்வளவு தண்ணீரும் கசிந்து தறிக்குழியில் இறங்கினால் பாவு என்னாகும்! வாசலில், சமதளத்தில் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். உப்புக்கறைக்கு வினிகர் போதும், பிறகு நன்றாக அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது.