அடைப்பு நீங்கிய பிறகும் கண்காணிப்பு ஏன்?

மாரடைப்பிலும், அடைப்பால் வரும் பக்கவாதத்திலும் ரத்தக்குழாயைத் திறப்பதே முக்கிய சிகிச்சை. "அடைப்பை எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு ஐசியூ?" என்கிறீர்களா?

ரத்தமின்றித் தவித்த திசுவுக்கு அது திடீரெனத் திரும்பும்போது, கூடவே வரும் ஆக்சிஜனே செல்களைச் சேதப்படுத்தலாம்.

இதயத்தில்: துடிப்பு தாறுமாறாகலாம். சோர்ந்த இதயத்தசை தேற சில நாள் முதல் சில வாரம் ஆகலாம்.

மூளையில்: வீக்கம், ரத்தக்கசிவு வரலாம். அதனால்தான் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பின் 24 மணி நேரம் ரத்த அழுத்தத்தை 180/105-க்குக் கீழே வைக்கிறார்கள். கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் என்றால் உடனே செவிலியரிடம் சொல்லுங்க.

இதுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க. தாமதமானால்தான் பாதிப்பு கூடும். பக்கவாத ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறிச்சுக்கிட்டு, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.