எறிபவர் தடுமாறுங்கால் ஏற்பவர் நிலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகளிற் காற்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த காற்பந்தன்று. அதிற் பந்து நீள்வட்ட வடிவினது. பெரும்பாலும் கையினாலேயே கொண்டு செல்லப்படுவது. கட்சிக்குப் பதினொருவர். பந்தையுடைய கட்சியார் நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரம் முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து எதிரிகளைச் சேரும். பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி 1906-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் பின்னர், பந்தைப் பெற்று எறியும் ‘குவார்ட்டர்பேக்’ என்பவரே நாளடைவில் ஆட்டத்தின் உயிர்நாடியாயினர். அவர் தடுமாறினாற் பழி முழுதும் அவர் தலைமேல் விழுகின்றது. ஆயின் நட்டத்தில் பெரும்பங்கை அடைவோர், எறிந்த பந்தை ஏற்க ஓடுவோரும் பயிற்சியாசிரியருமே யாவர்.

ஏற்பவர் தம் விருப்பம்போல் ஓடுவதில்லை. இத்தனை கெஜம் நேரே ஓடி, இவ்விடத்தில் உட்புறம் திரும்புக என்பது அவருக்கு முன்னரே இடப்பட்ட கட்டளை. எறிபவரோ சில அடிகள் பின்வாங்கி, அவர் திரும்பி முடியுமுன்னரே பந்தைக் கைவிடல் வேண்டும். பந்து செல்வது ஆள் நிற்கும் இடத்துக்கன்று. ஆள் வந்து சேரப்போகும் இடத்துக்கு. ஒரு நொடி தாழ்த்தாலும் காவல் வீரன் இடையே புகுந்துவிடுவான். பந்து உயர்ந்து வந்தால், ஏற்பவர் தாவி எழுந்து, காப்பற்ற விலாவிலே அடி வாங்க நேரும். எறியப்படாமலே போனால் ஓடிய ஓட்டமெல்லாம் வீண். இருபது முறை காவலனை வென்று வெற்றிடத்தில் நின்றாலும், கணக்கேட்டில் ஏறுவது கைக்கு வந்த பந்து மட்டுமே அன்றோ?

அலபாமா சர்வகலாசாலையின் வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. கால்வின் ரிட்லி என்பவர் 2015-இல் ஜேக் கோக்கர் என்னும் முதிர்ந்த எறிவீரரிடமிருந்து 89 பந்துகளை ஏற்று 1,045 கெஜம் ஈட்டினார். மறு ஆண்டு ஜேலன் ஹர்ட்ஸ் என்னும் முதலாண்டு மாணவர் எறிவீரரானார். ரிட்லியின் கணக்கு 72 பந்துகள், 769 கெஜமாகத் தாழ்ந்தது. 2017-இல் பந்துகள் 63 ஆயின. அதே அணியிலிருந்த ஜெரி ஜூடி 14 பந்துகளும், டிவோன்டா ஸ்மித் 8 பந்துகளுமே பெற்றனர். இவ்விருவரும் பிற்காலத்திற் பெரும்புகழ் எய்தியோர்.

ஹர்ட்ஸ் திறமையற்றவர் என்று எண்ணற்க. பந்தைத் தாமே சுமந்து ஓடுவதில் வல்லவர். இரண்டாண்டுகளில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் இரண்டே தோல்வியுற்றன. முதல் ஆள் அகப்படாவிடின் இரண்டாம் ஆளைத் தேடாது ஓடத் தொடங்குவார் என்பதே அவர்மேற் கூறப்பட்ட குறை. அக்காலத்தில் அவருக்கு ஆட்டத்திட்டம் உரைத்தோர் லேன் கிஃபின், ஓர் இறுதியாட்டத்துக்கு மட்டும் ஸ்டீவ் சார்க்கிசியன், பின்னர் பிரையன் டபோல் என மூவர். ஒரே பாடத்தை மூன்று உபாத்தியாயர் மூன்று பரிபாஷைகளிற் போதித்தால் மாணவன் படும் பாடு இவ்விதழைப் படிப்போர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

நிற்க. எறிபவரிடம் நம்பிக்கை குறையுங்கால் பயிற்சியாசிரியர் செய்வது யாது? திட்டத்தைச் சுருக்குகின்றார். நெடுந்தூர எறிகளை விலக்கி, ஓட்டங்களையும் குறுகிய எறிகளையும் மிகுவிக்கின்றார். இஃது எதிரிகளுக்கு விரைவிற் புலப்படும். அவர்கள் பின்னணியிலிருந்து ஓர் ஆளை முன்வரிசைக்குக் கொணர்ந்து ஓட்டத்தை அடைப்பர். அடைபடவே மூன்றாம் முயற்சியிற் கடக்கவேண்டிய தூரம் மிகும். அப்பொழுது நீண்ட எறியன்றி வேறு வழியில்லை. எதனைத் தவிர்க்கவேண்டித் திட்டம் சுருக்கப்பட்டதோ, அதனையே மிக இக்கட்டான வேளையிற் செய்யவேண்டி வருகின்றது. ஏற்பவரோ, ஓடுபவனுக்கு வழிவிலக்கும் ஏவலாளராய் நாளைக் கழிப்பர்.

இம்முடிச்சு 2018 ஜனவரி 8-ஆம் நாள், அட்லாண்டா நகரில், முந்திய பருவத்துக்குரிய தேசிய இறுதியாட்டத்தில் நன்கு வெளிப்பட்டது. முற்பாதியில் ஹர்ட்ஸ் 8 முறை எறிந்தார். 3 பந்துகளே கைசேர்ந்தன. கிடைத்தது 21 கெஜம். ஜார்ஜியா 13 புள்ளிகள் பெற்றிருக்க, அலபாமாவுக்கு ஒன்றுமில்லை. தலைமைப் பயிற்சியாசிரியர் நிக் சேபன் அவரை அமர்த்தி, அதுகாறும் ஓர் ஆட்டத்தையேனும் தொடங்கியறியாத முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை அனுப்பினார். அவரும் பிழை செய்யாமலில்லை. ஒரு பந்தை எதிரி கையில் எறிந்தார். மிகை நேரத்தில் 16 கெஜம் பின்னே தள்ளப்பட்டார். ஆயினும் அடுத்த முயற்சியிலேயே ஸ்மித்துக்கு 41 கெஜம் எறிய, 26-க்கு 23 என வெற்றி கிட்டியது. வென்றதனால் சேபனின் துணிவு போற்றப்பட்டது. தோற்றிருப்பின் அதே செயலை அவசரபுத்தி என்றே பலரும் பழித்திருப்பர்.

மறு பருவத்தில் டகோவைலோவா எறிய, ஜூடி 68 பந்துகளில் 1,315 கெஜம் ஈட்டி, நாட்டின் சிறந்த ஏற்பவர்க்குரிய பிலட்னிக்காஃப் பரிசைப் பெற்றார். புகழனைத்தும் எறிபவர்க்கே என்றலும் பொருந்தாது: ஜூடி ஓராண்டு முதிர்ந்திருந்தார், ரிட்லி கல்லூரியை விட்டமையால் இடமும் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், அதே நகரில், அதே ஜார்ஜியாவோடு நிகழ்ந்த ஆட்டத்தில் நிலைமை தலைகீழாயிற்று. டகோவைலோவாவின் 25 எறிகளில் 10 மட்டுமே பலித்தன, கணுக்காலும் அடிபட்டது. வேறு கல்லூரிக்குப் போய்விடாது இரண்டாமவராய்ப் பயிற்சி செய்துவந்த ஹர்ட்ஸ் களம் புகுந்து, ஜூடிக்கு எறிந்து புள்ளிகளைச் சமமாக்கி, பின்னர் தாமே ஓடி 35-க்கு 28 என வெல்வித்தார். 2025 பிப்ரவரி 9-ஆம் நாள் ஃபிலடெல்பியா அணிக்காகத் தொழில்முறை இறுதியாட்டத்தை வென்று, அவ்வாட்டத்தின் சிறந்த வீரரெனவும் தெரியப்பட்டார். அன்று அவர் எறிந்த 46 கெஜப் பந்தை எல்லைக்குள் ஏற்றவர் டிவோன்டா ஸ்மித்.