பழங்காசின் மதிப்பு

பழமை மிகுந்தோறும் காசின் விலையும் மிகும் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது. முதலாம் இராசராசனின் செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆயினும் மிகுதியாகக் கிடைப்பதால் குறைந்த விலைக்கே விற்கப்படுகிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயோ நூறாண்டையும் எட்டவில்லை. கிடைத்தற்கரியது என்பதால் அதன் விலை பன்மடங்கு உயர்ந்துள்ளது. அதனாலேயே அவ்வாண்டைப் பொறித்த போலிகளும் உலவுகின்றன.

அருமைக்கு அடுத்து நோக்கத்தக்கது காசின் நிலை. எழுத்தும் உருவமும் தேயாதிருத்தல் வேண்டும். வீட்டில் கிடைத்த செப்புக்காசைப் புளியிட்டுத் துலக்குவோர் பலர். பளபளப்பு வரும், காலம் படியவைத்த பச்சைப் படலமும் எழுத்தின் விளிம்பும் போய்விடும். ஆர்வத்தால் செய்யும் இக்கேட்டைப் பின்னர் எவராலும் திருத்த இயலாது.

விலையில் அடங்காத மதிப்பும் உண்டு. 'பெருவழுதி' எனத் தமிழி எழுத்தில் பொறித்த செப்புக்காசு, சங்கப் பாடல்கள் கூறும் வழுதி என்னும் பாண்டியர் பெயருக்குக் கண்கண்ட சான்றாயிற்று. கிடைத்த இடம் அறியப்படாமல் கைமாறும் காசு தன் சான்றாண்மையில் பெரும்பகுதியை இழக்கிறது. மண்ணுள் மறைந்திருந்து கிடைக்கும் புதையல், பத்து ரூபாய் மதிப்பைக் கடந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.