ஒப்பாரியும் கிரேக்க நாடகமும்

வேதியியல் பயிலும் மாணவனுக்குக் கிரேக்க நாடகத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கிணத்துக்கடவுப் பக்கம் இழவு வீடுகளில் என் அம்மிச்சி ஒப்பாரி பாடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதை வெளியில் சொல்ல நாணினேன். அந்த நாணத்தைப் போக்கியது ஒரு நாடகம்.

யூரிப்பிடீஸ் இயற்றிய 'டிராய் நகரப் பெண்கள்' கி.மு. 415இல் ஏதென்சில் அரங்கேறியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஏதென்சுப் படை மீலோஸ் தீவை வென்று, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியது. வென்றவர்கள் அமர்ந்திருந்த அவையிலேயே தோற்றவர்களின் அழுகையை ஒலிக்கச் செய்தார் ஆசிரியர். போட்டியில் அவருக்கு இரண்டாம் இடமே கிட்டியது.

2016இல் மறைந்த நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜம் இதனைத் தழுவி 'வெறியாட்டம்' என்னும் தமிழ் நாடகத்தை இயக்கினார். அதில் நம் ஒப்பாரியைக் கையாண்டார். இது வலிந்து செய்த ஒட்டுவேலை அன்று. கிரேக்க மேடையில் குழுவினர் சேர்ந்து பாடிப் புலம்புவர். இங்கோ ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாரடித்துத் தொடர்வர். நாள்தோறும் வாய்திறக்க முடியாத பெண், ஒப்பாரியில் தனக்கு நேர்ந்த அநீதியை ஊரறியச் சொல்லிவிடுவாள். டிராய்ப் பெண்களுக்கும் எஞ்சிய ஆயுதம் அதுவே.

ஆகவே ஒப்பாரி நாணத்திற்குரியது அன்று, கற்றற்குரிய கலை. இந்நாடகத்தை நம் கல்லூரி மாணவர்களும் நடிக்க வேண்டும். பாடம் சொல்லித்தர என் அம்மிச்சியை அழைத்து வருகிறேன்.